மொனாரோவுக்கு 200-4ஆர் கியர்பாக்ஸும் லாக்-அப் கன்வெர்ட்டரும்: 14 மாசம் ஓட்டுன பிறகு எழுதுறேன்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தீபாவளி லைட் போட்டிருந்த நேரம், சனிக்கிழமை ராத்திரி, புள்ளைங்க கேட்டாங்கன்னு என் பழைய ஹோல்டன் மொனாரோ கார எடுத்துக்கிட்டு சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்கு போனேன். தேக்கா மார்க்கெட்லேருந்து பெருமாள் கோயில் தாண்டுறதுக்குள்ள முக்கா மணி நேரம், ஒரு அடி நகர்றது ஒரு நிமிஷம் நிக்கிறதுன்னு போய்க்கிட்டு இருந்துச்சு, எஞ்சின் சூடு கரெக்டா இருக்கு ஆனா கியர்பாக்ஸ் ஆயில் மீட்டரு 122 டிகிரி காட்டுது, கொஞ்ச நேரத்துல கருகுன வாசனை வேற காருக்குள்ள வந்துருச்சு. பின் சீட்டுல புள்ளைங்க லைட்ட பாத்து கத்திக்கிட்டு இருக்காங்க, எனக்கு ஒரு லைட்டும் கண்ணுல படல, மீட்டர மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

போன தீபாவளிக்கு அதே ரோடு, அதே கூட்டம், அதே வண்டி. மீட்டரு 86 தாண்டல. நடுவுல நான் என்ன மாத்துனேன், ஏன் அத தேர்ந்தெடுத்தேன், எங்க இன்னும் குறை இருக்கு, இதெல்லாம் ஒழுங்கா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன், ஏன்னா நான் தேடுன நேரத்துல நம்ம ஊரு ரோட்டுக்கு, நம்ம ஊரு வெயிலுக்கு எது சரின்னு தமிழ்ல சொல்ல ஒருத்தரும் இல்ல.

வண்டி 1973 ஹோல்டன் மொனாரோ, எச்க்யூ மாடல், ரெண்டு கதவு, 350 செவி வி8, அதாவது 5.7 லிட்டர். ஆஸ்திரேலியா வண்டிங்கிறதால ஸ்டீயரிங் வலது பக்கமே இருக்கு, அந்த ஒரு காரணத்துக்காகவே மஸ்டாங், கமாரோ பக்கம் போகாம இதுக்கு வந்தேன். எங்கப்பா ஷிப்யார்ட்ல வெல்டரா இருந்தப்ப அவரோட மேனேஜர் ஒரு ஹோல்டன் வச்சிருந்தாராம், அந்த சத்தம் கேட்டாலே எல்லாரும் வேலைய நிமிந்து செய்வாங்கன்னு சின்ன வயசுலேருந்து சொல்லிக்கிட்டே இருப்பாரு. கிளாசிக் ஸ்கீம்ல ஓடுது, 35 வயசு தாண்டுன வண்டிக்கு குடுக்குறது, வருஷத்துக்கு 45 நாள் எடுத்துக்கலாம். 45 நாள்னா ஒவ்வொரு நாளும் எண்ணி எண்ணி எடுக்குறது, அதுல ஒரு நாள் கியர்பாக்ஸ் சூட பாத்து பயந்துக்கிட்டே ஓட்டுனா எப்படி இருக்கும்னு யோசிச்சு பாருங்க.

வாங்குறப்பவே உள்ள இருந்தது டர்போ 350ங்கிற ஆட்டோ கியர்பாக்ஸ், மூணு கியர். அந்த கியர்பாக்ஸ் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, இப்பவும் சொல்லுவேன் நல்ல பாக்ஸ். பிரச்சன அதுக்கு முன்னாடி உக்காந்திருந்த டார்க் கன்வெர்ட்டர்தான். பழைய ஓனரு டிராக் ஸ்டிரிப்புக்கு கொண்டு போறவரு போல, 3000க்கு மேல ஸ்டால் உள்ள சின்ன சைஸ் கன்வெர்ட்டர் போட்டு வச்சிருந்தாரு. ஸ்டால்னா, பிரேக்க புடிச்சுக்கிட்டு முழுசா மிதிச்சா எஞ்சின் எத்தன ஆர்பிஎம்ல நிக்குதோ அது. பச்ச லைட்ட பாத்து மெதுவா மிதிச்சா எஞ்சின் மட்டும் உறுமும், வண்டி யோசிச்சு யோசிச்சு நகரும். கீழ வரைக்கும் மிதிச்சா பின் சீட்டோட ஒட்ட வைக்கும், அது உண்மை, ஆனா கீழ வரைக்கும் மிதிக்கிற எடம் சிங்கப்பூர்ல எங்க இருக்கு?

கன்வெர்ட்டர் உள்ள நடக்குறத ஒரு தடவ புரிஞ்சிக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரிஞ்சிடும். எஞ்சின் பக்கம் ஒரு பம்ப் சக்கரம் ஆயில அள்ளி வீசுது, கியர்பாக்ஸ் பக்கம் இருக்குற டர்பைன் சக்கரம் அத வாங்கி சுத்துது, திரும்பி வர்ற ஆயில நடுவுல இருக்குற ஸ்டேட்டர் சரியான பக்கம் திருப்பி விடுது. வண்டி நின்ன எடத்துலேருந்து கெளம்புறப்ப இந்த ஸ்டேட்டராலதான் எஞ்சினோட இழுவ கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுது. பம்ப் வேகமா சுத்தி டர்பைன் மெதுவா சுத்துற வரைக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் பூராவும் சூடாத்தான் போகுது, வேற எங்கயும் போறதில்ல. ஸ்டால் 3000னா அதுக்கு கீழ ஓட்டுற நேரமெல்லாம் ஆயில சும்மா கடையிறதுதான். நான் சிராங்கூன் ரோட்டுல முக்கா மணி நேரம் அதத்தான் செஞ்சேன்.

ஆயிலுக்கு 80, 90 டிகிரி வரைக்கும் ஒண்ணும் ஆகாது. அதுக்கு மேல ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலோட ஆயுசு பாதியா கொறையும்னு கியர்பாக்ஸ் வேலை பாக்குறவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. 115 கிட்ட வந்தா உள்ள வார்னிஷ் மாதிரி படிய ஆரம்பிக்கும், இன்னும் மேல போனா ரப்பர் சீலெல்லாம் கல்லாயிடும். நான் 122 பாத்தேன்.

அப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன். மொத தப்பு, நெட்ல ஒரு கடையில ஸ்டால் நம்பர மட்டும் பாத்து ஒரு கன்வெர்ட்டர் ஆர்டர் பண்ணேன், 2000னு போட்டிருந்தாங்க. கடை பேர் வேண்டாம். என்ன வண்டி, எவ்வளவு வெயிட்டு, பின் ஆக்ஸில்ல இருக்குற டிஃப் என்ன ரேஷியோ, எஞ்சின் வால்வ தொறக்குற கேம் எது, ஒண்ணுமே கேக்கல, காச வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. மாட்டிப் பாத்தா 2600 வரைக்கும் போகுது. கேட்டா "சின்ன எஞ்சினுக்கு 2000, உங்க எஞ்சினுக்கு அப்படித்தான் வரும்"னு பதில் வந்துச்சு. பதில் சரிதான், அதுதான் எனக்கு கோவம். ஸ்டால்ங்கிறது கன்வெர்ட்டர் மேல அடிச்சு வச்ச நம்பர் கெடையாது, முன்னாடி இருக்குற எஞ்சின் எவ்வளவு டார்க் குடுக்குதோ அத பொறுத்து மாறும், ஒரே கன்வெர்ட்டர ஆறு சிலிண்டர் பின்னாடி மாட்டுனா ஒரு நம்பர், 350 பின்னாடி மாட்டுனா வேற நம்பர். அத விக்கிறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்ல?

இந்த நேரத்துலதான் காக்கி புக்கிட் பக்கம் ஒரு வொர்க்ஷாப்ப கூட்டாளி ஒருத்தன் காட்டி விட்டான். பேர் போட வேணாம்னு அங்கிள் கேட்டுக்கிட்டாரு, கையில இருக்குற வேலையே முடியலயாம், அதனால போடல, பழைய வண்டி வச்சிருக்குறவங்கள கேட்டா அவங்களே சொல்லிடுவாங்க. அங்கிள் சீனர், ஆட்டோ கியர்பாக்ஸ் மட்டும்தான் பாக்குறாரு. கூட ஃபோர்மேன் அண்ணே ஒருத்தரு, தஞ்சாவூர் பக்கத்துலேருந்து வந்து இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஹொக்கியன்ல அங்கிள் கூட சண்ட போடுற அளவுக்கு பழகிட்டாரு.

மொத நாள் போனப்ப வெல சொல்லவே இல்ல. எனக்கு அது ரொம்ப புடிச்சிருந்துச்சு. வண்டிய லிஃப்ட்ல ஏத்தி டிஃப் ரேஷியோ எண்ணுனாங்க, சக்கரத்த சுத்தி ஷாஃப்ட் எத்தன சுத்து சுத்துதுன்னு பாத்து 3.36னு சொன்னாங்க. டயர் சைஸ் 235/60, 15 இஞ்ச், எழுதிக்கிட்டாங்க. ஐடில்ல வேக்கம் எவ்வளவு வருதுன்னு மீட்டர் வச்சு பாத்தாங்க. அப்புறம் அண்ணே என் பக்கத்துல உக்காந்து, "தம்பி, நீங்க எப்பவும் போற ரோட்டுல போங்க, எனக்காக வேகமா போகாதீங்க"ன்னாரு. ஒரு மணி நேரம் சுத்துனோம், பாயா லேபார், அப்புறம் பிஐஇ எக்ஸ்பிரஸ்வே, திரும்ப உபி வழியா. வந்து எறங்குனதும் ஒரே கேள்விதான் கேட்டாரு, "இந்த ஒரு மணி நேரத்துல 3000 ஆர்பிஎம் எத்தன தடவ தொட்டீங்க?" ரெண்டு தடவ. பிஐஇல உள்ள நுழையிறப்ப ஒண்ணு, ஒரு லாரிய தாண்டுறப்ப ஒண்ணு.

என்ன பாக்ஸ் போடலாம்னு மூணு வாரம் பேசுனோம். இந்த பகுதிய கொஞ்சம் நீட்டி எழுதுறேன், கணக்கு பாக்க விருப்பம் இருக்குறவங்களுக்கு இதுலதான் எல்லாமே இருக்கு.

டர்போ 350ய அப்படியே வச்சுக்கிட்டு நல்ல டைட்டான கன்வெர்ட்டர் மட்டும் மாத்துறது ஒரு வழி. ரேஷியோ 2.52, 1.52, 1. என் டயருக்கும் டிஃப்புக்கும் 90ல போனா 2420 ஆர்பிஎம். நம்ம ஊர்ல எக்ஸ்பிரஸ்வேயே அதிகபட்சம் 90தான், 2420ங்கிறது வி8க்கு ஒரு கஷ்டமும் இல்ல. காசு கம்மி, வயர் கெடையாது, கம்ப்யூட்டர் கெடையாது, வேக்கம் மாடுலேட்டர் ஒண்ணு, கிக்டவுன் கேபிள் ஒண்ணு, அவ்வளவுதான். அங்கிள் இதத்தான் மொதல்ல சொன்னாரு. வேற யாராவது என்கிட்ட கேட்டா நானும் மொதல்ல இதத்தான் சொல்லுவேன்.

டர்போ 400 ரொம்ப பலமான பாக்ஸ், ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோவுல போட்டாங்க, ஃபெராரி 400ல கூட போட்டாங்க. ஆனா வெயிட்டு ஜாஸ்தி, சுத்துறதுக்கே எஞ்சின் பவர் கொஞ்சம் தின்னும், என் வண்டிக்கு அந்த பலம் தேவையே இல்ல. ஷாஃப்ட கியர்பாக்ஸோட சேக்குற யோக்கும் மாத்தணும், 350ல 27 ஸ்ப்ளைன், அதாவது பல்லு, 400ல 32. வேண்டாம்னு விட்டுட்டோம்.

700ஆர்4 எல்லாரும் சொல்றது, 1982ல கார்வெட்டுல வந்தது, நாலு கியர், கடைசி கியர் 0.70 ஓவர்டிரைவ், அதாவது எஞ்சின விட ஷாஃப்ட் வேகமா சுத்துற கியர். மொத கியர் 3.06, கெளம்புறது அம்சமா இருக்கும், ஆனா அதுலேருந்து ரெண்டாவது 1.63க்கு விழுது. 4500ல மாத்துனா 2400க்கு எறங்கிடும், நடுவுல ஒரு பள்ளம் மாதிரி தெரியும். நான் ஒரு கூட்டாளி வண்டியில ஓட்டிப் பாத்தேன், எனக்கு அந்த பள்ளம் ஒத்துவரல. அவனுக்கு அது தெரியவே இல்லங்கிறான், அது அவங்கவங்க காதுக்கும் காலுக்கும் உள்ள கணக்கு.

200-4ஆர் தான் நான் எடுத்தது. ரேஷியோ 2.74, 1.57, 1, 0.67. அதே 4500ல மாத்துனா 2580ல வந்து நிக்குது, அடுக்கு நல்லா இருக்கு. எண்பதுகள்ல ப்யூக் கிராண்ட் நேஷனல்ல போட்ட பாக்ஸ் இது, அதனால இத பலப்படுத்துற வித்தை தெரிஞ்சவங்க அமெரிக்காவுல நெறைய பேரு இருக்காங்க, அதுக்கான உள் சாமானும் கெடைக்குது. எனக்கு முடிவெடுக்க வச்சது இன்னொண்ணு: பாக்ஸோட நீளம் டர்போ 350 அளவே, யோக்கும் அதே 27 ஸ்ப்ளைன், ஷாஃப்ட வெட்டவே வேண்டாம். பின்னாடி மவுன்ட் மட்டும் வேற எடத்துல, டர்போ 400 எடத்துல வருது, அதனால கிராஸ்மெம்பர் புதுசா செய்யணும். 700ஆர்4 போட்டிருந்தா பாக்ஸே மூணு இஞ்ச் நீளம், ஷாஃப்ட் வெட்டி பேலன்ஸ் பண்ணி, அது ஒரு தனி வேலை.

இதுல யாரும் எனக்கு சொல்லாத ஒரு விஷயத்த அண்ணேதான் சொன்னாரு. ஓவர்டிரைவ் பாக்ஸ வாங்கி, லாக்-அப், அதாவது ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா பூட்டி வழுக்க விடாத கிளட்ச், இல்லாத 2600 கன்வெர்ட்டர அதுக்கு முன்னாடி வச்சா, 90ல எஞ்சின் 1620லதான் ஓடும். அது ஸ்டாலுக்கு ரொம்ப கீழ. அப்போ ஹைவேல போற நேரமெல்லாம் கன்வெர்ட்டர் வழுக்கிக்கிட்டேதான் இருக்கும், பெட்ரோல் மிச்சம் பண்ண போட்ட நாலாவது கியரே ஆயில சுட வைக்கும். பாக்ஸ தனியா, கன்வெர்ட்டர தனியா, டிஃப்ப தனியா வாங்குற விஷயமே இல்ல இது, மூணும் ஒரே முடிவு, கேமும் சேத்தா நாலு. நான் ஆறு மாசமா கன்வெர்ட்டர மட்டும் தனியா வச்சு தேடிக்கிட்டு இருந்தேன்.

அதனால கன்வெர்ட்டர பாக்ஸ் செய்யுற அதே ஆள்கிட்டயே சொல்லி செஞ்சு வாங்குனோம். இந்த தடவ அவருகிட்டேருந்து வந்த ஃபாரத்துல ரெண்டு பக்கம் கேள்வி. வண்டி வெயிட்டு, டயர் உயரம், டிஃப், கேம் எவ்வளவு டியூரேஷன், ஐடில் வேக்கம், கார்புரேட்டர் என்ன, ஊரு வெயில் எவ்வளவு, டிராஃபிக்ல எவ்வளவு நேரம் நிப்பீங்க. ஊரு வெயில் எவ்வளவுன்னு கேட்டத பாத்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். வந்த கன்வெர்ட்டர் பெரிய சைஸ், லாக்-அப் கிளட்ச் வச்சது, உள்ள சக்கர இலையெல்லாம் பிரேசிங் பண்ணி ஒட்டுனது, வாஷருக்கு பதிலா நீடில் பேரிங். பிரேக்க புடிச்சுக்கிட்டு மிதிச்சா 1950ல நிக்குது. அவங்க எழுதிக் குடுத்த நம்பர் 1900லேருந்து 2000. சொன்ன நம்பரும் வந்த நம்பரும் ஒண்ணா இருந்தது எனக்கு இதுதான் மொத தடவ.

காசு கேப்பீங்க. பாக்ஸ், கன்வெர்ட்டர், கப்பல் கூலி, 9 சதவீதம் ஜிஎஸ்டி எல்லாம் சேத்து 7400 வெள்ளி. மாட்டுற கூலி, கிராஸ்மெம்பர், கூலர், பைப், ஆயில் இதெல்லாம் 2300. டிரான்ஸ்மிஷன் மாத்துறதுக்கு எல்டிஏ, அதாவது நிலப் போக்குவரத்து ஆணையத்தோட அனுமதி வாங்கணும், அத வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே பேசி வச்சிருங்க, பாக்ஸ் வந்து எறங்குன பிறகு பேப்பருக்கு ஓடாதீங்க. சாமான் வந்து சேர 11 வாரம். இந்த காத்திருப்புதான் இதுல எனக்கு மொத குறை, கெளம்புன தேதிய ரெண்டு தடவ மாத்துனாங்க, நாமளா கேட்டாத்தான் சொன்னாங்க.

மாட்டுற அன்னிக்கு என்ன பக்கத்துல நின்னு பாக்க விட்டாங்க, அதுக்காகவே இந்த வொர்க்ஷாப்புக்கு தனியா மார்க் குடுப்பேன். கன்வெர்ட்டர பாக்ஸுக்குள்ள தள்ளுறப்ப மூணு தடவ டக் டக்னு உள்ள உக்காரணும், டர்பைன் ஸ்ப்ளைனுக்கு ஒண்ணு, ஸ்டேட்டருக்கு ஒண்ணு, கடைசியா ஆயில் பம்புக்கு ஒண்ணு. ரெண்டுலயே நின்னுடுச்சுன்னு தெரியாம போல்ட்ட போட்டு இறுக்குனா பம்ப் அங்கயே ஒடையும், புது பாக்ஸ் ஸ்டார்ட் பண்ண ஒரு நிமிஷத்துல போயிடும். அண்ணே என் கைய புடிச்சு கன்வெர்ட்டர் மேல வச்சு சுத்த சொன்னாரு, மூணாவது டக் கையிலேயே தெரிஞ்சுது. அப்புறம் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவுல கேப் அளந்தாங்க, 4 மில்லி. 3லேருந்து 5க்குள்ள இருக்கணும், அத பேப்பர்ல எழுதி எனக்கும் ஒரு காப்பி குடுத்தாரு.

டிவி கேபிள, அதாவது த்ராட்டில் வால்வ் கேபிள பத்தி சொல்லாம இந்த பாக்ஸ பத்தி எழுதவே கூடாது. 200-4ஆர்லயும் 700ஆர்4லயும் கார்புரேட்டர்லேருந்து ஒரு கேபிள் பாக்ஸுக்கு போகும். பல பேரு அத கிக்டவுன் கேபிள்னு நெனச்சுக்கிறாங்க, அது இல்ல. ஆக்சிலேட்டர எவ்வளவு மிதிக்கிறீங்களோ அதுக்கு ஏத்த மாதிரி உள்ள ஆயில் பிரஷர ஏத்துறதே அந்த கேபிள்தான். அது லூஸா இருந்தா பிரஷர் கம்மியாகும், கிளட்ச் வழுக்கும், நாலாயிரம் வெள்ளி பாக்ஸ் ஒரு சாயங்காலத்துல கருகிடும். என்னோடது எடல்பிராக் கார்புரேட்டர், அதோட லிவர்ல கேபிள நேரா மாட்டுனா இழுக்குற தூரம் சரியா வராது, அதுக்குன்னு ஒரு பிராக்கெட் விக்கிறாங்க, அத போட்டுத்தான் மாட்டணும். அண்ணே பிராக்கெட் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட்டே பண்ண விடல. நான் கெஞ்சி கூட பாத்தேன், வொர்க்ஷாப்புக்குள்ள மட்டும் ஓட்டிப் பாக்கலாம்ணேன்னு, "இந்த கேபிள் இல்லாம நாலு அடி கூட வேணாம் தம்பி"ன்னு சாவிய எடுத்து உள்ள வச்சுட்டாரு. பிராக்கெட் வந்த பிறகு பிரஷர் மீட்டர் மாட்டி, பாதி மிதி, முழு மிதி எல்லாத்துலயும் பிரஷர் ஏறுதான்னு பாத்துட்டுத்தான் வெளிய விட்டாங்க. 200-4ஆர் வாங்குறவங்க யாராயிருந்தாலும் இந்த பிரஷர் டெஸ்ட் பண்ணாத வொர்க்ஷாப்ல குடுக்காதீங்க, நான் இத ரொம்ப அழுத்தி சொல்றேன்.

கூலர் தனியா ஒண்ணு, ஃபேன் வச்சது, ரேடியேட்டர் வழியா போய்ட்டு அதுக்கப்புறம் இதுல போற மாதிரி. நம்ம ஊருக்கு இது கட்டாயம்.

இப்ப ஓட்டுற அனுபவம். லைட்டுல நின்னு கெளம்புறது, அத எப்படி சொல்றது, கால் வச்ச ஒடனே வண்டி கூட வருது. முன்னாடி எஞ்சின் முதல்ல, வண்டி அப்புறம். இப்ப ரெண்டும் ஒண்ணா. மொத கியர் 2.74ங்கிறதால ஸ்டால் கொறஞ்சும் கெளம்புற இழுவ கொறையல, அதுதான் இந்த ரெண்டையும் சேத்து தேர்ந்தெடுத்ததோட பலன். மவுன்ட் ஃபேபர் ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல அமைதியா ஏறுது, முன்னாடி அங்க ஏறி எறங்கினாலே 110 காட்டும், இப்ப 90க்குள்ள. ஈசிபி எக்ஸ்பிரஸ்வேல ராத்திரி பத்து மணிக்கு மேல, மழ விட்ட பிறகு, 90ல லாக்-அப் பிடிக்கிறப்ப ஆர்பிஎம் முள்ளு 1800லேருந்து 1620க்கு மெதுவா எறங்கும், எக்ஸாஸ்ட் சத்தம் ஒரு படி கீழ போகும், கண்ணாடிய எறக்கி விட்டா கடல் காத்து சத்தம் கேக்கும். சின்னவ பின் சீட்டுல தூங்கிட்டா. அந்த வண்டியில எம்புள்ள தூங்குனது அதுதான் மொத தடவ, வீட்டு வாசல்ல எஞ்சின அணைக்க மனசே வரல.

பெட்ரோல் மிச்சம் இருக்கு, ஆனா வருஷத்துக்கு 45 நாள் ஓடுற வண்டியில பெட்ரோல் மிச்சத்துக்காக இவ்வளவு காசு போடாதீங்க.

குறைய இப்ப முழுசா சொல்றேன். 0.67 ஓவர்டிரைவும் 3.36 டிஃப்பும் நம்ம ஊருக்கு கொஞ்சம் நீளம். 90ல 1620, அது சரி. ஆனா பாதி எக்ஸ்பிரஸ்வே 80, சில எடம் 70. 70ல நாலாவது கியர் லாக் ஆனா 1260 ஆர்பிஎம், எஞ்சின் திணறும், ஸ்டீயரிங் வரைக்கும் அதிரும். மொத மாசம் லாக்-அப்ப வேக்கம் சுவிட்ச் மட்டும் வச்சு ஓட்டுனோம், 70ல பிடிக்கும் விடும், பிடிக்கும் விடும், எரிச்சலா இருந்துச்சு. இந்த பாக்ஸ்ல லாக்-அப் கம்ப்யூட்டர் இல்லாம வேலை செய்யணும்னா 12 வோல்ட் எப்ப போகணும்னு நாமதான் சுவிட்ச் வச்சு முடிவு பண்ணணும். அண்ணே வயரிங்க மாத்தி, பிரேக் சுவிட்ச் வழியா எடுத்து, டேஷ்போர்டு அடியில ஒரு சின்ன சுவிட்சும் வச்சு குடுத்தாரு. இப்ப 70, 80 ரோட்டுல லிவர மூணாவதுலயே வச்சு அங்கயே லாக் பண்ணிடுறேன், 70க்கு 1880 ஆர்பிஎம், ஆயில் 80 டிகிரி, அதிர்வே இல்ல. 90 ரோடு வந்தாத்தான் நாலாவது. பழகிட்டா கை தானா போகும், ஆனா வேற யாருக்காவது சாவிய குடுத்தா உக்கார வச்சு வெளக்கணும். டிஃப்ப 3.55க்கு மாத்துனா 90ல 1710க்கு வந்து இன்னும் நல்லா பொருந்தும்னு அங்கிள் சொல்றாரு, அடுத்த வருஷம் பாக்கணும்.

ஒண்ணுலேருந்து ரெண்டுக்கு மாறுறது கொஞ்சம் அழுத்தமா இருக்கு. வால்வ் பாடியில ஷிஃப்ட் கிட் போட்டு அனுப்பியிருக்காங்க, கிளட்ச் ஆயுசுக்கு நல்லது, ஆனா காலையில ஆயில் குளுந்திருக்குறப்ப பத்து நிமிஷம் ஒரு தட்டு தட்டும். எங்கப்பாவ ஏத்திட்டு போனப்ப "என்னடா, யாரோ பின்னாடி இடிக்கிறாங்க"ன்னு திரும்பி பாத்தாரு. மெதுவான செட்டிங் கேட்டிருக்கலாம், ஃபாரத்துல அதுக்கு ஒரு கட்டம் இருந்துச்சு, நான் நிரப்பாம விட்டுட்டேன். நீங்க நிரப்புங்க.

லிவர் கீழ உள்ள எழுத்து இப்ப பொருந்தல, பழைய மூணு கியர் தட்டுல நாலாவதுக்கு எடமே இல்ல, புதுசா ஒண்ணு செய்யக் குடுத்திருக்கேன். ஸ்பீடோமீட்டர் கியரும் மாத்துனோம், ஜிபிஎஸ் வச்சு பாத்தா இப்ப ரெண்டு கிலோமீட்டர்தான் வித்தியாசம். சாமான் இங்க எந்த கடையிலயும் ஸ்டாக் இல்ல, அதனால ஒரு ஃபில்டர், பேன் கேஸ்கெட், ஒரு டிவி கேபிள், லாக்-அப் சோலனாய்டு, நாலும் வாங்கி வீட்டுல வச்சிருக்கேன்.

இன்னொண்ணு, வண்டி ரெண்டு மூணு வாரம் நின்னா கன்வெர்ட்டர்ல உள்ள ஆயில் கொஞ்சம் கீழ பேனுக்கு எறங்கிடும். ஸ்டார்ட் பண்ண ஒடனே டி போட்டா நகராது, பயந்துடாதீங்க, ஒரு அரை நிமிஷம் நியூட்ரல்ல விட்டுட்டு எடுங்க. பார்க்ல வச்சா சில பாக்ஸ்ல கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது, நியூட்ரல்தான் சரி.

வொர்க்ஷாப்ப பத்தி கடைசியா. 500 கிலோமீட்டர் ஆனதும் அண்ணே அவராவே ஃபோன் பண்ணி வர சொன்னாரு, பேன எறக்கி ஆயில வெள்ள துணியில ஊத்தி காட்டுனாரு, செவப்பாவே இருந்துச்சு, அடியில மேக்னட்ல சாம்பல் மாதிரி லேசா ஒரு படிவு, அது புது கிளட்ச் உக்கார்றப்ப வர்றது. பாத்துட்டு திரும்ப மூடிட்டாரு, புது ஃபில்டர், புது டெக்ஸ்ரான், ஆயிலுக்கு மட்டும் காசு வாங்குனாங்க. பழைய டர்போ 350 இன்னும் அவங்க ஸ்டோர்லதான் இருக்கு, அங்கிள் தொடச்சு, ஓட்டையெல்லாம் மூடி, பிளாஸ்டிக் சுத்தி வச்சிருக்காரு. அதுக்கு நல்ல கன்வெர்ட்டரோட ஒரு வண்டி கெடைச்சா குடுத்துடலாம்னு இருக்கேன். எச்க்யூவோ எச்ஜேவோ 350 செவி வச்சிருக்குறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, டிஃப் ரேஷியோவும் டயர் சைஸும் சேத்து எழுதுங்க.